படைப்பு என்னும் சொல்: பொருளும் பிறப்பும்

கதை, கவிதை, நாடகம், ஓவியம், சிற்பம், இசை, திரைப்படம் ஆகிய அனைத்தையும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டியபோது இன்றைய எழுத்துத் தமிழ் ‘படைப்பு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்கிறது. பள்ளி ஆண்டு மலருக்கு மாணவர் அனுப்புவதும் படைப்பு. நூற்றாண்டுகளாகப் பயிலப்படும் காப்பியமும் படைப்பு. இவ்வளவு பரந்த இடத்தை நிரப்பும் இச்சொல்லை எழுதத் தொடங்கும் இளைஞர்கள் நாள்தோறும் கையாள்கிறார்கள். ஆயினும் அது எங்கிருந்து வந்தது, இன்று நாம் தரும் பொருளை எப்பொழுது பெற்றது என்று கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. இலக்கணப் பயிற்சி இல்லாதவரும் பின்தொடரக்கூடிய வகையில் அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

பழனி நகரிலும், அதற்கு மேலே மலைத்தொடரில் அமைந்த தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை, பூம்பாறை போன்ற ஊர்களிலும் வாழ்பவர்களுக்கு இச்சொல்லின் வேர் மிக அருகிலேயே இருக்கிறது. இங்குள்ள வீடுகளில் படைத்தல் என்னும் வினை புத்தகத்தை ஒட்டிக் கேட்பதைவிட வாழையிலையை ஒட்டியே அதிகம் கேட்கிறது. பொங்கலன்றும் அமாவாசையன்றும் முன்னோருக்கு இலை போட்டு, சமைத்தவற்றை வரிசையாக வைத்து, விளக்கேற்றிக் கும்பிடுவதைப் ‘படைப்பது’ என்கிறோம்; “சாமிக்குப் படைச்சாச்சா?” என்று கேட்டு, ஆயிற்று என்ற பிறகே பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறோம். இலையின் முன் நிகழ்வதும் எழுதுபவரின் மேசையில் நிகழ்வதும் ஒரே வினைச்சொல்லால் குறிக்கப்படுவதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் வினைச்சொல்லைப் பார்ப்போம். படைத்தல் என்பதற்கு வழக்கில் உள்ள முதன்மையான பொருள்கள் சில. இல்லாத ஒன்றை உண்டாக்குதல் ஒன்று. ‘உலகைப் படைத்தவன்’ என்னும்போது அதுவே பொருள். ஒன்றைப் பெறுதல் அல்லது உடையவராதல் மற்றொன்று. ‘செல்வாக்குப் படைத்தவர்’, ‘பெயர் படைத்த மருத்துவர்’ என்னும்போது எவரும் எதையும் புதிதாக உண்டாக்கவில்லை, ஒரு தகுதியை உடையவராக இருக்கிறார்கள். உண்பவர் முன் உணவை வைத்தலும், தெய்வத்தின் முன்னும் முன்னோர் முன்னும் வைத்தலும் இன்னொன்று. ‘சாதனை படைத்தாள்’ என்று செய்தித்தாளில் வரும் தொடரில் உண்டாக்குதலும் பெறுதலும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. உண்டாக்குதல், உடைமையாகப் பெறுதல், பிறர் முன் வைத்தல் என்னும் இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால், இனி வருபவை எளிதில் விளங்கும்.

சங்க இலக்கியத்தில் படைப்பு என்னும் பெயர்ச்சொல் வரும் புகழ்பெற்ற இடம் புறநானூற்றின் 188ஆம் பாடல். பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய அது, “படைப்புப் பல படைத்துப் பலரோடு உண்ணும் உடைப்பெருஞ் செல்வர் ஆயினும்” என்று தொடங்குகிறது. குழந்தை இல்லாத வாழ்க்கைக்குப் பயன் இல்லை என்பது பாடலின் கருத்து. குறுகுறு நடந்து, சிறுகை நீட்டி, நெய்ச்சோற்றை உடலெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தையை அதில் காணலாம். நமக்கு வேண்டியது முதல் அடி. அங்கே படைப்பு என்பதற்குச் செல்வம் என்று பொருள். பல வகைச் செல்வங்களையும் ஈட்டி, அவற்றைப் பலரோடு சேர்ந்து உண்ணும் பெருஞ்செல்வர் என்கிறது அடி. கவனித்துப் படித்தால் மேலே சொன்ன மூன்று பொருள்களும் இந்த ஓர் அடிக்குள்ளேயே நிற்பதைக் காணலாம்: உழைப்பால் உண்டான பொருள், உடைமையான பொருள், பலர் முன் வைக்கப்படும் பொருள். தனியே உண்பவரின் செல்வத்தை அரசர் இங்கே எண்ணவே இல்லை.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த நிகழ்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். இன்று படைப்பு என்பதற்கு இணையாக நாம் வழங்கும் ஆக்கம் என்னும் சொல்லும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. இலங்கைத் தமிழில் இதழ்களுக்கு அனுப்பப்படும் எழுத்தை ஆக்கம் என்பதே இயல்பான வழக்கு. ஆனால் கொன்றைவேந்தனில் “ஊக்கமுடைமை ஆக்கத்திற்கு அழகு” என்று சிறு வயதில் மனப்பாடம் செய்தபோது, அங்கே ஆக்கம் என்றது செல்வத்தை. திருக்குறளிலும் அச்சொல் செல்வம், பெருக்கம், உயர்வு ஆகியவற்றைக் குறித்தே பெரும்பாலும் வருகிறது. அதன் வினையாகிய ஆக்குதலோ, ஒரு பக்கம் உலகை உண்டாக்குவதையும், மறு பக்கம் சோறு சமைப்பதையும் குறிக்கிறது. கம்பர் தம் காப்பியத்தின் முதல் பாடலில், உலகம் யாவையும் ஆக்கலும் நிலைபெறுத்தலும் நீக்கலும் இறைவனின் விளையாட்டு என்கிறார், நம் வீட்டில் “சோறு ஆக்கியாச்சா?” என்கிறோம். ஆக, கலைப் படைப்பைக் குறிக்க இன்று நம்மிடம் உள்ள இரண்டு முதன்மையான சொற்களுமே செல்வத்தையும் சோற்றையும் தொட்டுக்கொண்டு வளர்ந்தவை. அலுவலகத்தில் அமர்ந்து எவரோ புனைந்தளித்த கலைச்சொற்கள் போல அவை தோன்றலாம். உண்மையில் அவை அடுப்படியும் வயலும் அறிந்த சொற்கள்.

பிறர் முன் வைத்தல் என்னும் பொருளுக்குப் பின்னுள்ள வழக்கத்தின் பழமையை உணர, பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள பொருந்தலை நினைத்துப் பார்க்கலாம். பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009ஆம் ஆண்டை ஒட்டி அங்கே நடந்த அகழாய்வில், ஓர் ஈமச்சின்னத்தின் உள்ளே நான்கு கால்கள் கொண்ட சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அறிவியல் முறையில் கணித்தபோது அந்நெல்லின் காலம் ஏறத்தாழ கி.மு. 490 என்று வந்தது. அதே ஈமச்சின்னத்தில் கிடைத்த, பானை தாங்கும் சுடுமண் வளையத்தில் ‘வயர’ என்று படிக்கப்படும் தமிழ்-பிராமி எழுத்துகள் இருந்தன. எழுத்தின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. இறந்தவருக்கென வைக்கப்பட்ட தானியமும் மனிதக் கை பொறித்த எழுத்தும் நம் மலையின் காலடியில் ஒரே குழிக்குள் இருந்தன என்பது மட்டும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. அன்று அதைச் செய்தவர்கள் என்ன சொல்லால் அச்செயலைக் குறித்தார்கள் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை; அச்செயல் இருந்தது, இன்றும் இருக்கிறது, நாம் அதைப் படைத்தல் என்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும், ஏனெனில் பழனியைச் சேர்ந்த மாணவர்கள் தவறாமல் கேட்பது அது. பழனி ஆறுபடை வீடுகளில் ஒன்று. அந்தப் ‘படை’க்கும் படைப்புக்கும் தொடர்பு உண்டா? இல்லை என்றே கொள்ளலாம். படை என்னும் பெயர்ச்சொல் சேனையையும், ஆயுதத்தையும், பொதுவாகக் கருவியையும் குறிக்கும். புறநானூற்றின் 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார், “பொருபடை தரூஉங் கொற்றமும் உழுபடை ஊன்றுசால் மருங்கின் ஈன்றதன் பயனே” என்று சோழனிடம் சொல்கிறார்; போரிடும் படை தரும் வெற்றியும் கலப்பை உழுத சாலில் விளைந்ததன் பயன் என்பது கருத்து. வாளும் படை, கலப்பையும் படை. படைவீடு என்பது படை தங்கும் இடம். முருகன் கோயில்களுக்கு இப்பெயர் வந்ததற்கு வேறொரு விளக்கமும் உண்டு. நக்கீரரின் திருமுருகாற்றுப்படை ஆறு பகுதிகளாக முருகனின் இடங்களைப் பாடுகிறது. பழனி அடிவாரத்துத் திருவாவினன்குடி அவற்றுள் மூன்றாவது. அங்கே போ என்று வழிகாட்டி ஆற்றுப்படுத்திய இடங்கள் ‘ஆற்றுப்படை வீடுகள்’ எனப்பட்டு, நாளடைவில் ‘ஆறுபடை வீடுகள்’ ஆயின என்பர். ஆற்றுப்படை என்பதில் உள்ள படை, வழியில் படுத்துதல், அதாவது செலுத்துதல் என்னும் பொருளது. எனவே மூன்று ‘படை’களையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாமல், படைப்பு என்பது படைத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது என்பதை மட்டும் உறுதியாகப் பற்றிக்கொள்வது நல்லது.

இனி, இச்சொல் கலைக்கு எப்படி வந்தது என்பது. பழைய புலவர்கள் தாங்கள் செய்ததைப் பெரும்பாலும் படைப்பு என்று அழைக்கவில்லை. செய்யப்பட்டது என்பதால் செய்யுள். பாடப்பட்டது என்பதால் பாட்டு. கட்டப்பட்டது என்பதால் யாப்பு. அறிவு நூலாக இருந்தால் நூல், பனுவல் என்று அவர்களிடம் தனித்தனிச் சொற்கள் இருந்தன. படைத்தல் என்னும் வினையோ உண்டாக்குதல் என்னும் பொருளில் வரும்போது உலகைப் படைத்தவனுக்கு உரியதாக நின்றது. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, மற்றொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது. இப்படி ஓர் உலகைப் “படைத்தோன் மன்ற, அப் பண்பிலாளன்” என்று புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் வெகுண்டு சொல்கிறார். உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று சொல்லத் துணிந்த அந்தக் குரல் இன்றும் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. திருவள்ளுவரும், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டுமென்றால் “பரந்து கெடுக உலகியற்றியான்” என்றார். இங்கே இயற்றுதல் உலகைப் படைத்தவனின் வினை. இன்று ‘பாடல் இயற்றியவர்’ என்கிறோம். கடவுளுக்கு வழங்கிய ஒரு வினை கவிஞருக்கும் வழங்கியது படைத்தலுக்கு மட்டும் உரிய வரலாறன்று என்பதை இது காட்டுகிறது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிறுகதையும் நாவலும் இதழ்களின் வழியே பரவியபோது, செய்யுள், நூல் என்னும் பழைய பெயர்களுக்குள் அவை அடங்கவில்லை. உள்ளதைத் தொகுத்துரைக்கும் எழுத்திலிருந்து, புதிதாக ஓர் உலகை உண்டாக்கும் எழுத்தைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. அக்காலத்து எழுத்தாளர்கள் பலர் சிருஷ்டி என்னும் வடசொல்லைக் கையாண்டார்கள். பின்னர்த் தனித்தமிழ் உணர்வு வலுப்பெற்று, பாடநூல்களிலும் மேடைகளிலும் வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொற்கள் இடம்பெற்றபோது, சிருஷ்டிக்குப் படைப்பும், அதைச் செய்பவருக்குப் படைப்பாளியும், அவ்வகை எழுத்துக்குப் படைப்பிலக்கியமும் நிலைபெற்றன. சமயத் தமிழிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் தேவன் வானத்தையும் பூமியையும் ‘சிருஷ்டித்தார்’, பிந்தையதில் கடவுள் ‘படைத்தார்’. சிருஷ்டி என்னும் சொல்லுக்கும் உண்டாக்குதல் என்னும் பொருள் உண்டு. ஆனால் இலை போட்டுப் பிறர் முன் வைத்தல் என்னும் பொருள் அதற்கு இல்லை. சொல் மாறியபோது அப்பொருளும் கூடவே வந்து சேர்ந்தது என்று நான் கருதுகிறேன். திட்டமிட்டு எவரும் அதைக் கொண்டுவரவில்லை என்றாலும், அது ஒரு நற்பேறு.

நற்பேறு என்று சொல்லக் காரணம், தமிழ் மரபு ஓர் ஆக்கத்தைப் பிறர் முன் வைக்கப்படுவதாகவே எப்போதும் நினைத்து வந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் இலக்கண நூலாகிய நன்னூல், ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில், அதாவது அதன் முன்னுரையில், சொல்லப்பட வேண்டிய எட்டுச் செய்திகளை வரிசைப்படுத்துகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். செய்தவரின் பெயரில் தொடங்கும் அவ்வரிசை கேட்போரிடத்தும் பயனிடத்தும் சென்று முடிகிறது. கேட்பவர் எவர் என்பது நூலுக்கு வெளியே உள்ள விற்பனைச் செய்தியன்று. அது நூலின் இலக்கணத்துக்குள்ளேயே வைத்து எண்ணப்பட்டிருக்கிறது. தொல்காப்பியத்தின் பாயிரமும், நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவித்து அந்நூல் வெளிவந்தது என்கிறது. அரங்கேற்றம் என்னும் வழக்கம் இதிலிருந்து வேறானதன்று.

பிறர் முன் வைக்கப்பட்ட பாட்டு என்ன செய்யக்கூடும் என்பதற்கு நம் மலைநாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பழனியின் பழம்பெயர் பொதினி. அதை ஆண்ட ஆவியர் குலத்துப் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்பதைப் பள்ளிக் குழந்தைகளும் அறிவார்கள். அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்தபோது, கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவனைப் பாடினார்கள். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் அவை. புலவர்கள் அரசனைப் பாடினால் பொன்னும் யானையும் கேட்பது வழக்கம். பரணரோ, “பசித்தும் வாரேம், பாரமும் இலமே” என்கிறார். பசித்து வரவில்லை, எங்களை நம்பி வாழும் சுற்றமும் இல்லை, நீ இன்றிரவே தேரேறிப் போய் அவளுடைய துயரத்தைக் களைய வேண்டும், அதுவே யாம் இரக்கும் பரிசில் என்பது பாடலின் சாரம். மயில் குளிரில் நடுங்கும் என்று இரங்கியவனின் கண்முன், அவன் இரங்காது விட்ட ஒருத்தியின் கண்ணீரைக் கொண்டுவந்து வைக்கிறது அப்பாட்டு. அதை நூலாகப் படிக்கும்போது அழகான செய்யுள் என்கிறோம். பேகன் முன் நின்று பரணர் சொன்ன கணத்தை நினைத்துப் படித்தால், படைத்தல் என்பதில் அடங்கிய, பிறர் முன் வைத்தல் என்னும் பொருள் நன்றாகப் புரியும்.

இன்றைய சட்டம் இச்சொல்லை எவ்வாறு பார்க்கிறது என்பதையும் தொடங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுக்குரியது. இலக்கியம், நாடகம், இசை, கலை ஆகியவற்றைச் சார்ந்த படைப்புகளும், திரைப்படமும், ஒலிப்பதிவும் அதன் பாதுகாப்பில் வருகின்றன. மனத்தில் தோன்றும் கருத்துக்கு அச்சட்டம் உரிமை தருவதில்லை. கருத்து பெற்ற வடிவத்துக்கே தருகிறது. காட்டெருமை ஊருக்குள் வருவதைப் பற்றிக் கொடைக்கானலில் எவர் வேண்டுமானாலும் கதை எழுதலாம். ஆனால் ஒருவர் எழுதிய கதையின் சொற்களை மற்றொருவர் தம் பெயரில் வெளியிடக் கூடாது. இவ்வுரிமை பெறப் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்துப் படைப்புக்கு, ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும்.

படைப்பு என்றால் செல்வம் என்று சொன்ன அறிவுடை நம்பியின் அடி இங்கே வேறொரு வகையில் உயிர்பெறுகிறது. சட்டம் படைப்பை உடைமையாகவே கருதுகிறது. விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம், வாரிசுக்கு விடலாம். தமிழ்நாட்டிலோ அந்த உடைமையைப் பலரோடு உண்ணும் வழியும் ஏற்பட்டது. பாரதியாரின் எழுத்துகளை 1949இல் அரசு தன் உடைமையாக்கி, பின்னர்ப் பொதுவில் விட்டது. அதன் பின்னரும் பல எழுத்தாளர்களின் நூல்கள், அவர்களுடைய குடும்பத்தினருக்குத் தொகை வழங்கப்பட்டு நாட்டுடைமை ஆக்கப்பட்டு வருகின்றன. நாட்டுடைமையான நூலை எந்தப் பதிப்பாளரும் அச்சிடலாம். பாரதியின் கவிதைகள் மலிவு விலையில் எல்லா ஊர்களிலும் கிடைப்பதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

முன்னோர் கதையைத் திரும்பச் சொன்னால் அது படைப்பாகுமா என்று இளைஞர்கள் தயங்குவதுண்டு. தயங்கத் தேவையில்லை. நன்னூல் வழிநூலையும் நூலாகவே ஏற்கிறது: முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து, பின்னால் வருபவன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்துச் சொல்வது வழிநூல். கம்பர் செய்தது அதுவே. எவருக்கும் காட்டாமல் நாட்குறிப்பில் எழுதி வைத்த கவிதை படைப்பா என்றால், சட்டப்படி ஆம். சொல்லின் வரலாற்றின்படி அது ஆக்கி வைத்த சோறு. இன்னும் இலையில் வைக்கப்படவில்லை. எழுதியவர் தயாரான பின் ஒருவருக்காவது அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றே நான் எப்போதும் சொல்வேன்.

இவற்றைவிடக் கடினமானது, பெயர் தெரியாதவர்களின் ஆக்கங்களைப் பற்றிய கேள்வி. தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பெண்கள் பாடும் பாட்டுக்கும், வீட்டில் பாட்டி பாடிய தாலாட்டுக்கும் ஆசிரியர் எவர் என்று சொல்ல முடியாது. ஒருவர் கட்டிய அடியை மற்றொருவர் மாற்றி, இன்னொருவர் தம் பிள்ளையின் பெயரை அதில் நுழைத்து, வாய்வழியாக வந்தவை அவை. தனி ஆசிரியரையும் அவர் இறந்த ஆண்டையும் கொண்டு கணக்கிடும் சட்டத்துக்குள் அவை எளிதில் பொருந்துவதில்லை. பவணந்தியாரின் எட்டில் முதலாவதாகிய ஆக்கியோன் பெயரும் அவற்றுக்கு இல்லை. நூற்பெயரும் பெரும்பாலும் இல்லை. ஆனால் நுதலிய பொருள் இருக்கிறது, கட்டு இருக்கிறது, கேட்போர் அருகிலேயே இருக்கிறார்கள், அழுத பிள்ளை உறங்குகிறது என்பதால் பயனும் இருக்கிறது. அவற்றைப் படைப்பு என்று அழைக்கத் தயங்குபவரிடம், அச்சொல் படையலிலிருந்து பிரியாதது என்பதைச் சொல்லிக் காட்டலாம். படையலை வைத்தவரின் பெயரை எவரும் இலையில் எழுதி வைப்பதில்லை.